நூறு வருசப் பத்தை

கணக்குக் கொப்பி என்னிடம் இருந்தது.
அதனால் கதை எனக்குத் தெரிந்த ஒழுங்கில்தான் வரும்:
முதலில் செலவு, பிறகு இளவரசி.

மொத்தம் நான்கு இலட்சத்துப் பத்தாயிரம்.
பாதி, சுகிர்தனின் மைத்துனர் கனடாவிலிருந்து அனுப்பியது,
"குடும்பமாய் இருந்து பாக்கிறமாதிரி எடுங்கோ,
வெட்டுக்கொத்து வேண்டாம்" என்ற குரல்பதிவோடு.
மீதி அவன் வயரிங் வேலையில் சேர்த்தது.

பாட்டு ஐந்து.
பிரிட்ஜ் திருத்தும் கடையின் பின்னறையில்
மெத்தைகளைச் சுவரில் சாய்த்துப் பதிந்தோம்.
மூன்றாம் பாட்டின் சரணத்தில் ஒரு காகம் இருக்கிறது.
எடுக்க முடியவில்லை.
தாலாட்டாக எழுதிய பாட்டை
சூனியக்காரிக்குக் கொடுத்துவிட்டோம்.

குதிரை.
உயிருள்ளதென்றால் நெடுந்தீவு போகவேண்டும்,
அங்கே அவை யார் சொல்லும் கேளா,
தீவைவிட்டு ஏற்றவும் விடார்கள்.
கோயிலுக்குப் புதுக் குதிரை வாகனம் வந்தபின்
களஞ்சியத்தில் கிடந்த பழையதைத் தருகிறேன் என்றார் தர்மகர்த்தா.
ஒரு காது இல்லை.
ஒரு நிபந்தனை: ஏறுகிறவர் மூன்று நாள் மச்சம் தின்னக்கூடாது.
இளவரசன் யூட் நிமலன், குருநகர்ப் பெடியன்,
வீட்டில் கணவாய்க் கறி கொதிக்கக் கொதிக்க
பருப்போடு சோறு தின்றான்.
காதில்லாத பக்கம் கமரா போகவேயில்லை.
நாலு பேர் கீழே குந்தியிருந்து ஆட்டினார்கள்.
அது பாய்ந்தது.
சத்தியமாய்ப் பாய்ந்தது.

கோட்டைக்குச் செலவு பூச்சியம்.
வசாவிளானில் விடுபட்ட காணி,
இருபத்தெட்டு வருசம் ஆள் போகாத வீடு.
கூரையில்லை. குசினிக்குள் முளைத்த வேம்பு
புகைக்கூண்டு இருந்த ஓட்டையால்
தலையை வெளியே நீட்டி நின்றது.
முள்ளுப் பத்தையை நாங்கள் நடவில்லை.
"இதைக் காசு குடுத்தும் செய்யேலாது" என்றான் சுகிர்தன்.
பிறகு கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

வீட்டுக்காரி இராசநாயகியம்மா வாடகை வாங்கவில்லை.
ஒரு பாத்திரம் கேட்டார்:
அகப்பை பிடித்தபடி தூங்கிப்போகிற சமையற்காரி.
"நான் அங்கைதான் நிண்டனான்" என்று இடம் காட்டினார்.
வேம்பு நிற்கிற இடம்.
அதன் அடியில் சாய்ந்தார்.

முத்தம் நெற்றியில். குடும்பப் படம்.
அந்த நொடி எல்லாரும் விழிக்கவேண்டும்,
ஐந்தாம் பாட்டு தொடங்கவேண்டும்.
காவலர் விழித்தார்கள். வாடகைப் புறாகூட விழித்தது.
ஜெனிற்றா கொட்டாவி விட்டாள், ராசகுமாரிக்கே உரிய கொட்டாவி.
இராசநாயகியம்மா எழும்பவில்லை.
உண்மையிலேயே நித்திரை.
தட்டப்போன என் கையைப் பிடித்தான் சுகிர்தன்,
கமராவை நிறுத்தாமல்.
ஆட்டக்காரர் அவரைச் சுற்றிக் கால் பதுக்கி ஆடினார்கள்.
பாட்டு உரத்துப் போனது, பாதங்கள் மட்டும் மெல்ல.
கொப்பியில் அவர் பேருக்கு நேரே:
சோற்றுப் பார்சல் ஒன்று, சோடா ஒன்று.

மார்கழியில் பாடசாலை மண்டபத்தில் போட்டோம்.
பெரியவருக்கு நூற்றைம்பது, சிறுவருக்கு ஐம்பது.
தகரத்தில் மழை விழுந்து
காகத்தையும் சேர்த்து மூடியது.
கடைசியில் எல்லாரும் கைதட்ட,
முன்வாங்கில் ஒரு சின்னன் எழும்பி நின்று கேட்டாள்:
"அந்த அம்மாவை ஏன் ஒருத்தரும் எழுப்பேல்ல?"
மண்டபம் சிரித்தது.
இரண்டாம் வரிசையிலிருந்து அவரே சொன்னார்:
"நான் எழும்பினால் அந்த வேம்பைத் தறிக்கவேணும், பிள்ளை."
சிரிப்பு பாதியில் நின்றது.
சின்னன் மட்டும், அது சரிதான் என்பதுபோல
இருந்துகொண்டாள்.

வரவு முப்பத்தோராயிரம்.
நட்டம் மூன்று இலட்சத்து எழுபத்தொன்பதாயிரம்.
அடுத்தது கண்ணாடிச் சப்பாத்துக் கதை என்கிறான் சுகிர்தன்.
கஸ்தூரியார் வீதியில் விசாரித்தேன்.
கண்ணாடி இல்லை, பிளாஸ்ரிக்.
சோடியில் ஒன்று தொலைந்து இடதுகால் மட்டும் கிடக்கிறதாம்.
அரைவிலைக்குத் தருவார்கள்.
ஒன்று போதும்தானே.